என் கணவர் ஒலிபெருக்கியான மாலை

கச்சிராயபாளையம் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க என் கணவர் நிற்கிறார். எதிரே தெரு கொள்ளாத கூட்டம். அவர் கத்துகிறார்.

"இந்தக் கலியமூர்த்தி இருக்காரே, அவரு எதிர்த்துப் பேசறவங்க பேச்சைக் காது குடுத்துக் கேக்கவே மாட்டாரு."

கலியமூர்த்தி என்பது அவருடைய பெயர்தான்.

கூட்டம் சிரிக்கிறது. அவருக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வருகிறது. அடக்கிக்கொண்டு, தலையை மேடைப் பக்கம் திருப்பி அடுத்த வாக்கியத்துக்குக் காத்திருக்கிறார். மேடையில் என் தங்கை தனலட்சுமி, மெலிந்த குரலில், தன் மாமாவை இன்னும் எப்படியெல்லாம் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

சாலையோரத்துப் புளியமரங்களில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கடையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, வறுக்கும் வாசனை. என் வாழ்க்கையில் மறக்க முடியாத மாலை எது என்று கேட்டால் கல்யாணத்தன்று மாலையைச் சொல்ல வேண்டும் என்பார்கள். நான் இதைத்தான் சொல்வேன்.

புளியமரத்துக் குரல்

சென்ற வாரம் சங்கராபுரத்தில் நான் தட்டச்சு சொல்லிக்கொடுத்த நாட்களைப் பற்றி எழுதியிருந்தேன். அந்த வேலையில் இருந்தபோதுதான் இவருக்கு வாக்கப்பட்டேன். கல்யாணத்துக்கு முன்பே இவர் குரலை எனக்குத் தெரியும். முகம்தான் தெரியாது.

எங்கள் பக்கத்தில் சாலையோரப் புளியமரங்களை வருஷா வருஷம் ஏலம் விடுவார்கள். யார் அதிக விலை கேட்கிறார்களோ அவர்களுக்கு அந்தப் பருவத்துக் காய். ஏலத்தில் விலையைக் கூவுவதற்கு ஓர் ஆள் வேண்டும். இவரைத்தான் கூப்பிடுவார்கள். நாலைந்து காணி கரும்பு வைத்திருந்த விவசாயி. கூவுவது வேலை இல்லை, ஆசை.

தட்டச்சு வகுப்பில் பத்து இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதும் அந்தக் குரல் ஜன்னல் வழியாக வந்துவிடும். பெண்கள் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "கேட்டவன் கேட்ட விலைதான் என் வாயிலேர்ந்து வரும். ஏத்தவும் மாட்டேன், எறக்கவும் மாட்டேன். சொந்தக்காரன் கேட்டாலும் அதான், ஆகாதவன் கேட்டாலும் அதான்." இதைக் கல்யாணமான புதிதில் ஏதோ வேதம் மாதிரி என்னிடம் சொன்னார். நான் தூங்கிவிட்டேன்.

சோற்றுத் தட்டுச் சண்டை

எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு வேண்டும் என்ற போராட்டம் வட மாவட்டங்கள் முழுக்கச் சூடு பிடித்திருந்த வருஷங்கள் அவை. ஊருக்கு ஊர் சங்கம். சுவர் எல்லாம் எழுத்து. இவர் எங்கள் வட்டாரத்துச் சங்கச் செயலாளர். அந்தக் குரலை யார் விடுவார்கள்?

என் தங்கை தனம் கரியாலூர்ப் பக்கம் கிராம சுகாதார நர்ஸ். மலை ஊர்களில் தடுப்பூசி போடுவதும் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்ப்பதும் அவள் வேலை. விடுமுறை கிடைத்தால் பேருந்தில் இறங்கி எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். மாமாவும் மச்சினிச்சியும் தட்டில் சோறு விழுந்ததும் ஆரம்பிப்பார்கள்.

"மாமா, பங்கு கேக்கறது நியாயந்தான். அதுக்கு மலை ரோட்டுல மரத்தை வெட்டிப் போடறேன்னு சொல்றீங்களே, அது இன்னா நியாயம்?"

"எல்லா ரோட்டுலயும்தான் போடப் போறோம். மலை ரோடு மட்டும் இன்னா சாமி ரோடா?"

"தடுப்பூசி மருந்து கள்ளக்குறிச்சியிலேர்ந்து ஐஸ் பெட்டியில வருது. ஐஸ் கரைஞ்சா மருந்து கெட்டுப்போவும். அந்தப் புள்ளைங்க உங்களை இன்னா பண்ணுச்சு?"

"மல்லிகா, உன் தங்கச்சிக்கு ரசம் ஊத்து. பேச்சு ஜாஸ்தியாவுது."

நான் ரசம் ஊற்றுவேன். சண்டை நிற்காது. எனக்கோ இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே படும். அவர் பேசும்போது அவர் பக்கம், அவள் பேசும்போது அவள் பக்கம். எனக்குச் சொந்தமாக ஒரு கருத்தும் இல்லையோ என்று கூட அப்போது நினைத்ததுண்டு.

ஒரு நாள் அவள், "இதையெல்லாம் வூட்டுல சொல்லி இன்னா ஆவப்போவுது? சங்கக் கூட்டத்துல வந்து சொல்றேன். நானும் இந்தச் சாதியிலதானே பொறந்தேன்" என்றாள். இவரும் ஒரு வீறாப்பில் "வா" என்றுவிட்டார்.

இவர் அதைச் சங்கத்தில் போய்ச் சொன்னபோது கொதித்துப்போனார்கள். நம் மேடையில் நமக்கு எதிராகவா? அதுவும் ஒரு பெண்ணா? வேறு எங்கேயும் கூட அவள் பேசக்கூடாது என்று முடிவாகிவிட்டது. வாய் திறந்தால் அவள் வேலைக்கு உலை வைத்துவிடுவோம் என்று கூட ஒருவர் சொன்னாராம். இவர் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தார்.

மலையடிவாரக் கூட்டம்

தனம் மேல் சங்கம் தடை போட்ட சேதி மலைக்கு ஏறிப்போனது. அங்கே லட்சுமணன் என்று ஒருவர், கடுக்காயும் புளியும் வாங்கி விற்பவர், மலை மக்கள் பலருக்கும் வேண்டியவர். அவர் இறங்கி வந்து கச்சிராயபாளையத்தில் கூட்டம் போட அனுமதி வாங்கிவிட்டார். மலை ரோட்டை மறிக்கக் கூடாது என்பதற்கான கூட்டம். பேச்சாளர், எங்கள் தனம்.

மலையில் ஜாகீர்தார் ஆட்சி போனதும் அங்குள்ளவர்கள் கைக்கு ஓட்டு வந்ததும் அப்போதைக்குக் கொஞ்ச காலத்துக்கு முன்புதான். லட்சுமணன் எங்கள் வீட்டுக்கு வந்து இவரிடம் நேரிலேயே சொன்னார். "எங்களுக்கு ஓட்டு வந்தே கொஞ்ச நாளுதான் ஆவுதுங்க. அதுக்குள்ள பேச்சைப் புடுங்கிடாதீங்க."

சங்கம் இவருக்கு வேறு வேலை கொடுத்திருந்தது. "உன் மச்சினிச்சிதானே, நீயே போய் நிறுத்து."

கூட்டத்தன்று ஒரு டிராக்டர் நிறைய ஆட்களோடு இவர் கிளம்பினார். நான் தனியாகப் பேருந்தில் போனேன். போகாதே என்றார். "நீங்க போறீங்க, அவளும் போறா. நான் மட்டும் வூட்டுல உக்காந்து இன்னா பண்றது?" என்றேன்.

மலைப் பெண்கள் முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் அவர்களுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஊர்க்காரர்களும் சந்தைக்கு வந்தவர்களும் பின்னால். சங்கத்து ஆட்கள் இரண்டு பக்கமும் சுற்றி நின்றார்கள். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

தனம் மைக் முன்னால் வந்து வணக்கம் சொன்னாள். "ரோட்டை மறிக்கிறவங்க எல்லாம் கெட்டவங்க இல்ல" என்று ஆரம்பித்தாள். அவ்வளவுதான். கூம்பு ஸ்பீக்கர் செத்துவிட்டது. ஏழுமலை வயரைப் பிடுங்கிவிட்டான்.

ஏழுமலை எங்கள் ஊர்க்காரன், இவருக்கு வலது கை மாதிரி. வாட்டசாட்டமான ஆள், முன்கோபி. மைக்செட்காரர் ஆம்ப்ளிஃபயரைக் குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு மல்லாட்டைக் கடைக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

தனம் நிறுத்தவில்லை. பேசிக்கொண்டேயிருந்தாள். ஆனால் அவள் குரல் எங்கள் வரிசையைத் தாண்டவில்லை. "கேக்கல, கேக்கல" என்று பின்னால் இருந்தவர்கள் கத்தினார்கள்.

"இன்னா சொல்றா அந்த நர்சம்மா?" என்று ஒரு பெரியவர் கேட்டார்.

ஏழுமலை உரக்கச் சொன்னான். "நம்ம சனத்துக்கு இட ஒதுக்கீடே குடுக்கக் கூடாதுன்னு சொல்றா."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. யாரோ குனிந்து கல்லைத் தேடுவது தெரிந்தது. நான் எழுந்துவிட்டேன்.

அப்போது அந்தக் குரல் கேட்டது. தட்டச்சு வகுப்பு ஜன்னல் வழியாக வந்த அதே குரல்.

"அவ அப்படிச் சொல்லல."

கேட்டவர் கேட்ட விலை

ஏழுமலை திரும்பிப் பார்த்தான். "அப்ப இன்னாதான் சொன்னா? நீயே சொல்லு அண்ணே."

இவருக்குத் தர்மசங்கடம். வந்தது நிறுத்துவதற்கு. ஆனால் வாரக்கணக்காகச் சோற்றுத் தட்டுக்கு முன்னால் அவளோடு சண்டை போட்டவர். அவள் என்ன சொல்வாள், என்ன சொல்லமாட்டாள் என்று அவரை விட யாருக்குத் தெரியும்?

"கேக்கறது நியாயம்னுதான் சொல்றா. கேக்கற விதம் சரியில்லன்னு சொல்றா" என்றார். பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிக் கேட்டது.

மேடையிலிருந்து தனம், "அது மட்டும் இல்ல மாமா, இன்னும் இருக்குது" என்றாள்.

இவர் பழக்கதோஷத்தில் கூட்டத்தைப் பார்த்து, "இன்னும் இருக்குதாம்" என்றார்.

முதல் சிரிப்பு அங்கேதான் வெடித்தது. கல்லைத் தேடியவரும் நிமிர்ந்து சிரித்தார். "அப்ப நீயே சொல்லுப்பா, கேப்போம்" என்றார் அந்தப் பெரியவர்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தனம் ஒரு வாக்கியம் சொல்வாள். இவர் கூவுவார். ஐஸ் பெட்டியைப் பற்றிச் சொன்னாள், கூவினார். மலையிலிருந்து நோயாளியைக் கட்டிலில் தூக்கி வருவதைப் பற்றிச் சொன்னாள், கூவினார். "சங்கத்துல எதிர்த்துப் பேசினா காதைப் பொத்திக்கிறாங்க" என்றாள். இவர் ஒரு கணம் மூச்சு வாங்கி அதையும் கூவினார்.

தன் கையில் எப்பேர்ப்பட்ட கருவி கிடைத்திருக்கிறது என்பது என் தங்கைக்கு அப்போது புரிந்துவிட்டது. குறும்புக்காரி. முகத்தை வைத்துக்கொண்ட விதத்திலேயே எனக்குத் தெரிந்தது.

"எங்க மாமா ரொம்ப நல்லவரு."

"எங்க மாமா ரொம்ப நல்லவரு" என்று இவர் சந்தோஷமாகக் கூவினார்.

"ஆனா சோறு திங்கும்போது மட்டும்தான் நான் சொல்றதைக் கேப்பாரு."

"ஆனா சோறு திங்கும்போது மட்டும்தான் நான் சொல்றதைக் கேப்பாரு."

"ஏன்னா அப்பத்தான் வாய் அடைச்சிருக்கும்."

இவர் அவளை முறைத்தார். கூட்டம் காத்திருந்தது. பிறகு வானத்தைப் பார்த்துக்கொண்டு அதையும் சொன்னார். முன்வரிசைப் பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சங்கத்து ஆட்கள் கட்டிய கைகளை அவிழ்த்துவிட்டுச் சிரித்தார்கள். இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் நான் எழுதிய அந்தக் கலியமூர்த்தி வாக்கியம் இதற்கு அடுத்து வந்தது.

அதற்குப் பின் தனம் சிரிப்பை நிறுத்தினாள்.

"கீழ்த்தெரு காலனிப் புள்ளைங்க பங்கும் மலைப் புள்ளைங்க பங்கும் நம்ம புள்ளைங்க பங்கைத் தின்னுடுதுன்னு நம்ம கூட்டத்துல பேசறாங்க. எங்க மாமாவும் பேசியிருக்காரு. அது பொய்."

அதற்கு முந்தின மாதம் சங்கராபுரத்தில் இவர் அதைப் பேசியபோது கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

ஏழுமலை பக்கத்தில் வந்து, "அண்ணே, இதையுமா சொல்லணும்?" என்றான்.

"வெலை கேட்டாச்சுடா. சொல்லித்தான் ஆவணும்."

சொன்னார். ஒரு சொல்லும் விடாமல். "எங்க மாமாவும்" என்பதையும் விடவில்லை. கடைசியில் "அது பொய்" என்பதைக் கூவியபோது குரல் கொஞ்சம் பிசிறியது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் கல்லைத் தேடவும் இல்லை. ஆனாலும் சங்கத்து ஆட்களில் சிலர் அப்போதே டிராக்டர் பக்கம் நடந்துவிட்டார்கள்.

என் முறை

"இப்ப நான் பேசணும். என் பக்கமும் இருக்குதில்ல" என்றார் இவர். லட்சுமணன் எழுந்து, "பேசுங்க, அதானே மொறை" என்று மேடைக்கு வழி விட்டார்.

இவர் ஏறி நின்று வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. எதிராளியின் பேச்சைக் கூவிக் கூவித் தன் பேச்சுக்குத் தொண்டை இல்லாமல் போயிருந்தது.

தனம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நான் சொல்லட்டா மாமா?" என்றாள். அவள் சொன்னால் யாருக்குக் கேட்கும்? இவர் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் என் மேல் வந்து நின்றது.

நான் அதுவரை மேடை ஏறியதில்லை. வகுப்பில் "வேகம், வேகம்" என்று பெண்களை விரட்டிய குரல்தான் என் குரல். ஏறினேன். இவர் என் காதில் சொல்லச் சொல்ல நான் உரக்கச் சொன்னேன்.

"எங்க அப்பா மாடு மேய்ச்சாரு. நான் கரும்பு வெட்டறேன். என் பொண்ணு ஆபீசுல ஃபேனுக்குக் கீழ உக்கார வேணாமா?"

என் குரல் எனக்கே விசித்திரமாகக் கேட்டது. பின்னால் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். கேட்கிறது.

"எத்தினி வருஷமா மனு குடுத்தோம். ஒருத்தராவது பிரிச்சுப் படிச்சாங்களா? அங்கங்க ரோட்டுல மரம் விழுந்தப்பறந்தான் மெட்ராஸ்ல தலையத் திருப்பிப் பாத்தாங்க. வேற வழி தெரிஞ்சா சொல்லுங்க, செய்யறோம்."

வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட பேச்சுதான். ரசக் கரண்டியோடு நின்று கேட்டதற்கும் என் வாயால் சொல்வதற்கும் அவ்வளவு வித்தியாசம் இருந்தது. கீழே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலைப் பெண் ஒருத்தி, "அதுவும் நெசந்தானே" என்று தன் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

தனம் பதில் சொல்ல எழுந்தாள். மலைக்குப் போகும் கடைசிப் பேருந்து ஹாரன் அடித்தது. பாதிக் கூட்டம் எழுந்து ஓடியது. எங்கள் கூட்டம் அப்படித்தான் முடிந்தது, முடிவு எதுவும் இல்லாமல்.

ஏழுமலை ஒரு கோலி சோடாவை உடைத்துக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தான். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

கரும்புக் காடு

சங்கத்தில் விசாரணை வைத்து இவரைச் செயலாளர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்னும் தொண்டை திறக்காத நேரம். என்ன கேட்டாலும் தலையாட்டிவிட்டு வந்தார். வரும் வழியில் எனக்குக் கனகாம்பரம் வாங்கி வந்தார். பதவி போனவர் முகமாக அது இல்லை.

ஆனால் விஷயம் அதோடு நிற்கவில்லை. எங்கள் கரும்புக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்திருந்தது. ஆலைக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் வெட்ட ஆள் வரவில்லை. யாரும் போகக்கூடாது என்று சங்கத்தில் சொல்லியிருந்தார்கள். கரும்பு காய்ந்தால் எடை போய்விடும். இவர் விடியற்காலையில் தனியாகப் போய் வெட்ட ஆரம்பித்தார். நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன். தோகை அறுத்து இரண்டு பேர் கையும் கீறல்.

வெயில் ஏறும்போது வரப்பில் ஏழுமலை நின்றான். கையில் வெட்டுக்கத்தி. பின்னால் அவன் மனைவி, அவன் தம்பிகள்.

"நீ அங்க பேசினது எனக்குப் புடிக்கல அண்ணே. இன்னும் புடிக்கல" என்றான். "ஆனா கரும்பு காயக் கூடாது."

மறுநாள் லட்சுமணன் மலையிலிருந்து ஆட்களோடு வந்து சேர்ந்தார். ஏழுமலையும் அவரும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் வெட்டினார்கள். வேலை முடிகிற வரைக்கும் மரம் வெட்டுவது சரியா தப்பா என்று வாக்குவாதம். வேலை அந்த வாக்குவாதத்தாலேயே வேகமாக நடந்தது என்று இவர் சொல்வார்.

மறியல் வாரம் வந்தது. மற்ற சாலைகளில் மரங்கள் விழுந்தன. பேருந்துகள் நின்றன. அந்த வாரத்தில் மற்ற இடங்களில் நடந்தவற்றில் சந்தோஷமாகச் சொல்ல எதுவும் இல்லை. மலை ரோட்டில் மட்டும் எங்கள் பக்கத்து ஆட்கள் மரம் போடவில்லை. ரோட்டில் உட்கார்ந்தார்கள். பதவி போன பின்பும் இவர் போய் உட்கார்ந்தார். ஐஸ் பெட்டி வந்த ஜீப்புக்கு ஏழுமலைதான் முதலில் எழுந்து வழி விட்டான். பிறகு எல்லோரையும் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். சாயங்காலம் தனமும் நானும் புளிச்சோறு கட்டிக்கொண்டு போனோம்.

கரியாலூரில் ஒரு மத்தியானம்

பிறகு சில வருஷங்களில் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது. செய்தியை வானொலியில் கேட்டதும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். சங்கத்துக்குப் போகிறார் என்று நினைத்தேன். என்னையும் மகளையும் கூட்டிக்கொண்டு போய், கள்ளக்குறிச்சியில் இறங்கி மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, மலைப் பேருந்தில் ஏறினார்.

தனம் அப்போதுதான் வேலை முடித்து வந்திருந்தாள். குளிர்ந்த காற்று. வாசலில் யாரோ பறித்துப் போட்ட பலாப்பழம். இவர் பொட்டலத்தை நீட்டி, "நம்ம பொண்ணுக்கு வழி பொறந்துடுச்சும்மா" என்றார். கண் கலங்கியிருந்தது.

தனத்துக்கும் கலங்கியது. ஒரு துண்டு எடுத்து என் மகள் வாயில் ஊட்டிவிட்டாள். ஒரு துண்டு தான் சாப்பிட்டாள். இன்னொன்றும் சாப்பிட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு பாயை விரித்தாள்.

"ரொம்ப சந்தோஷம் மாமா. உக்காருங்க. இந்தப் பங்கை யாருக்கு எவ்வளவு பிரிக்கறாங்கன்னு கேட்டீங்களா? அதுல எனக்கு ஒண்ணு சரியாப் படல."

இவர் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆசையாக உட்கார்ந்தார்.

"இன்னா சரியாப் படல? சொல்லு."

நான் பலாப்பழத்தை இழுத்து மடியருகே வைத்துக்கொண்டு சுளை எடுக்க ஆரம்பித்தேன். மகள் எனக்கும் அவர்களுக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சுளையை வாயில் போட்டபடி நான் சொன்னேன்.

"இருங்க. ரெண்டு பேரும் சொல்றது தப்பு. நான் ஒண்ணு சொல்றேன்."

கடைசிப் பேருந்து போனதை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.